எஸ்.ஏ.பி.சி., லோட்டஸ் எஃப்.எம்., டிவி லைசென்ஸ்: டர்பன் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டர்பனில் கோயில் மண்டபத்தில் நடக்கும் வார இறுதித் தமிழ் வகுப்புக்குப் பிள்ளைகளை அழைத்து வரும் பெற்றோர், துணைக்கு வரும் தாத்தா பாட்டிகள், வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்து சேர்ந்தவர்கள் என்று பலரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைக் கொடுத்திருக்கிறேன். வரிசையாகப் படித்தால் நல்லது. பின்னால் வரும் சில பதில்கள் முன்னால் சொன்னதை நம்பி நிற்கின்றன.

எஸ்.ஏ.பி.சி. என்பது அரசாங்க ரேடியோதானே அக்கா? அரசாங்கம் சொல்வதைத்தானே சொல்வார்கள்?

உடைமை அரசுடையது, ஆனால் அரசின் ஊதுகுழலாக இருக்கக் கூடாது என்பது சட்டம். எஸ்.ஏ.பி.சி. என்ற தென்னாப்பிரிக்க ஒலிபரப்புக் கழகத்தின் பங்குகள் எல்லாம் அரசிடமே இருக்கின்றன. அதே சமயம், 1999ஆம் ஆண்டின் ஒலிபரப்புச் சட்டம் அதைப் பொதுமக்களுக்கான ஒலிபரப்பு நிறுவனம் என்று வரையறுத்து, செய்தியிலும் நிகழ்ச்சிகளிலும் சுதந்திரமாகச் செயல்படும் உரிமையைக் கொடுத்திருக்கிறது. உரிமம் வழங்குவதும் கண்காணிப்பதும் 2000இல் அமைக்கப்பட்ட ஐகாசா என்ற தனி அமைப்பு. ஒலிபரப்பை ஒழுங்குபடுத்தச் சுதந்திரமான அமைப்பு வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 192ஆம் பிரிவே சொல்கிறது.

சட்டத்தில் இருப்பதெல்லாம் தானாக நடந்துவிடாது என்பதற்கு 2016 சாட்சி. போராட்டங்களில் பொதுச் சொத்து எரிவதைக் காட்டக் கூடாது என்று அந்த ஆண்டு மே மாதம் நிர்வாகம் உத்தரவிட்டது. அதைத் திரும்பப் பெற வேண்டும் என்று ஐகாசா தீர்ப்பளித்தது. இத்தகைய தலையீடுகளை எதிர்த்துக் குரல் கொடுத்த எட்டுச் செய்தியாளர்கள் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். அவர்கள் நீதிமன்றப் படியேறித் தங்கள் இடத்தை மீட்டார்கள். அரசாங்க ரேடியோவாகவே இருந்திருந்தால் அந்த எட்டுப் பேருக்குப் பிடித்துக்கொள்ளச் சட்டமே இருந்திருக்காது.

எவ்வளவு காலமாக இருக்கிறது?

ஜோகன்னஸ்பர்க்கில் முதல் வானொலி ஒலிபரப்பு 1923 டிசம்பரில் நடந்தது. சில ஆண்டுகள் தனியார் கையில் தடுமாறிய பிறகு, 1936இல் நாடாளுமன்றச் சட்டத்தால் எஸ்.ஏ.பி.சி. பிறந்தது. அன்று அதற்குத் தெரிந்த மொழிகள் ஆங்கிலமும் ஆப்பிரிக்கான்ஸும் மட்டுமே.

டர்பன்காரர்கள் இதில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். கே.இ. மாசிங்கா என்பவர் டர்பன் நிலையத்துக்கே நேரில் சென்று, ஜூலு மொழியிலும் ஒலிபரப்ப வேண்டும் என்று கேட்டார். 1941 டிசம்பரில் போர்ச் செய்திகளை ஜூலுவில் வாசித்து, எஸ்.ஏ.பி.சி.யின் முதல் கறுப்பின அறிவிப்பாளர் ஆனார். பழைய ஓல்ட் ஃபோர்ட் ரோடு இன்று அவர் பெயரில் இருக்கிறது, எஸ்.ஏ.பி.சி.யின் டர்பன் அலுவலகமும் அந்தச் சாலையில்தான். அவர் தொடங்கி வைத்த மரபில் வந்த உகோசி எஃப்.எம். இன்று நாட்டிலேயே அதிகம் பேர் கேட்கும் வானொலி. கேட்டுப் பெற்ற மொழி அது.

உலகமெல்லாம் டிவி வந்த பிறகும் இங்கே 1976 வரை வரவில்லை என்று தாத்தா சொல்கிறார். உண்மையா?

உண்மை. பணமில்லாமல் அல்ல, பயத்தால். அஞ்சல், தந்தித் துறை அமைச்சராக இருந்த ஆல்பர்ட் ஹெர்ட்சாக் டிவி வந்தால் நாடு கெட்டுவிடும் என்று உறுதியாக எதிர்த்தார். இனங்கள் கலந்து பழகுவதைத் திரையில் பார்த்தால் நிறவெறிக் கொள்கையின் அடித்தளம் ஆட்டம் காணும் என்பதுதான் உள்ளே இருந்த அச்சம். 1969இல் மனிதன் நிலவில் இறங்கியதை உலகம் நேரடியாகப் பார்த்தபோது தென்னாப்பிரிக்கர்களால் பார்க்க முடியவில்லை. வெள்ளையர்களே முணுமுணுக்கத் தொடங்கினார்கள். 1976 ஜனவரி 5 அன்று முறையான ஒளிபரப்பு தொடங்கியது, அதுவும் ஆங்கிலத்திலும் ஆப்பிரிக்கான்ஸிலும் மட்டும். ஆப்பிரிக்க மொழிகளுக்கு 1982 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இன்றுள்ள எஸ்.ஏ.பி.சி. 1, 2, 3 என்ற அமைப்பு 1996இல் வந்தது.

லோட்டஸ் எஃப்.எம். யார் ஆரம்பித்தது? நம் ஆட்களா?

இல்லை. எஸ்.ஏ.பி.சி.தான் 1983 ஜனவரியில், இந்தியர்களுக்கென்று ரேடியோ லோட்டஸ் என்ற பெயரில் டர்பனிலிருந்து தொடங்கியது. அந்த ஆண்டை மறக்காமல் பார்க்க வேண்டும். வெள்ளையர், கலப்பினத்தார், இந்தியர் மூவருக்கும் தனித்தனி அவைகள் கொண்ட, கறுப்பின மக்களை முழுவதும் வெளியே நிறுத்திய நாடாளுமன்றத்துக்கான வாக்கெடுப்பு அதே ஆண்டு நவம்பரில் நடந்தது. அதை எதிர்க்க ஐக்கிய ஜனநாயக முன்னணி ஆகஸ்டில் உருவானது. அதில் நம்மவர்கள் பலர் முன்னணியில் நின்றார்கள். ஆகவே இந்தியர்களுக்கு ஒரு வானொலி என்பதை அன்று எல்லோரும் சந்தேகமின்றி வரவேற்றுவிடவில்லை.

ஆனாலும் வந்த வானொலியை மக்கள் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் வந்து இறங்கிய 342 பேரின் வழிவந்தவர்களுக்கும், அடுத்தடுத்த கப்பல்களில் வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கும், அதுவரை நாள் முழுக்கத் தம் பாட்டைக் கேட்க ஓர் இடம் இருந்ததில்லை. டர்பனில் இந்தியர்கள் நிறைந்த சாட்ஸ்வொர்த் பகுதி வீடுகளில் சமையலறை ஜன்னல் திட்டில், ஏரியலை வெளியே சாய்த்துவைத்த ரேடியோவை இன்றும் பார்க்கலாம். முள் நகர்ந்துவிடக் கூடாதென்று திருகின்மேல் பிளாஸ்டர் ஒட்டியிருப்பார்கள். வீட்டில் வேறு யாரும் அதில் கை வைக்க முடியாது.

எப்போது திருப்பினாலும் ஆங்கிலம்தானே பேசுகிறார்கள்? தமிழ் எங்கே?

சென்னையிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் முதல் வாரத்திலேயே கேட்டுவிடும் கேள்வி. லோட்டஸ் ஐந்து மொழியினருக்கும் பொதுவானது: தமிழ், ஹிந்தி, தெலுங்கு, உருது, குஜராத்தி. இங்கே பிறந்து வளர்ந்த இந்தியர்களில் பெரும்பாலோருக்கு வீட்டு மொழியே ஆங்கிலமாகிவிட்டது. அதனால் இணைப்புப் பேச்சும் செய்திகளும் ஆங்கிலத்தில், பாட்டும் பக்தியும் அவரவர் மொழியில் என்று ஆகிவிட்டது. மொழிவாரி நிகழ்ச்சிகள் தனி நேரங்களில் வருகின்றன. நேரங்கள் அவ்வப்போது மாறுவதால் நான் இங்கே எழுதவில்லை; நிலையத்தின் அட்டவணையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதைக் குறையாக மட்டும் பார்க்காதீர்கள் என்று புதிதாக வந்தவர்களிடம் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். பள்ளியில் தமிழ் இல்லாமல், ஊரோடு தொடர்பும் அறுந்து, தலைமுறைகள் கடந்து இங்கே தமிழ் நிற்பது பெரும்பாலும் பாட்டாலும் வழிபாட்டாலும்தான். ‘முருகா’ என்று உருகிப் பாடுகிற பையனுக்கு அடுத்த வரியின் பொருள் தெரியாமல் இருக்கலாம். அவன் காதில் அந்த ஒலியை வைத்ததில் வானொலிக்குப் பங்கு உண்டு.

தமிழுக்கென்று எஸ்.ஏ.பி.சி.யில் ஒரு டிவி சேனல் இருக்கிறதா?

இல்லை. இந்தியச் சமூகத்துக்கான நிகழ்ச்சியாக எஸ்.ஏ.பி.சி. 2இல் பல ஆண்டுகள் வந்த ‘ஈஸ்டர்ன் மொசைக்’ கூட ஆங்கிலத்தில்தான் இருந்தது. தமிழ்நாட்டுச் சேனல்கள் வேண்டுமென்றால் டிஎஸ்டிவி போன்ற தனியார் சேவைகளில் தனிச் சந்தா கட்டித்தான் பார்க்க வேண்டும்.

எங்கள் வீடு பள்ளத்தில் இருக்கிறது. லோட்டஸ் கரகரவென்று வருகிறது. ரேடியோவை மாற்ற வேண்டுமா?

முதலில் இடத்தை மாற்றிப் பாருங்கள். எஃப்.எம். அலை நேர்கோட்டில் போகும். குன்று குறுக்கே நின்றால் அடிபடும். டர்பனைச் சுற்றி மேடும் பள்ளமும்தான். ஒரே தெருவில் மேல் வீட்டில் தெளிவாகவும் கீழ் வீட்டில் கரகரப்பாகவும் வருவது இதனால்தான். டர்பனில் 87.7, மற்ற ஊர்களில் 106.8 வரை வெவ்வேறு எண்கள். ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவிலிருக்கும் மகள் வீட்டுக்குப் போன பாட்டி 87.7இல் தேடினால் கிடைக்காது.

அலை எடுக்காத இடத்தில் டிஎஸ்டிவியின் ஆடியோ சேனல்களில் கேட்கலாம். 2022இல் வந்த எஸ்.ஏ.பி.சி. பிளஸ் செயலியிலும் கேட்கலாம், டேட்டா செலவாகும். ஒலிபரப்புக் கோபுரங்களைப் பார்த்துக்கொள்வது சென்டெக் என்ற வேறொரு அரசு நிறுவனம் என்பதால், ஊர் முழுக்கவே சத்தம் நின்றுபோனால் அறிவிப்பாளரைத் திட்டிப் பயனில்லை.

டிவி லைசென்ஸ் கட்டத்தான் வேண்டுமா? நாங்கள் எஸ்.ஏ.பி.சி. பார்ப்பதே இல்லை, டிஎஸ்டிவிதான்.

கட்ட வேண்டும். எதைப் பார்க்கிறீர்கள் என்பது கணக்கில்லை. ஒளிபரப்பைப் பெறக்கூடிய டிவி பெட்டி வீட்டில் இருக்கிறதா என்பதே கணக்கு. டிஎஸ்டிவிக்குக் கட்டும் சந்தா வேறு, இது வேறு. வீட்டு லைசென்ஸ் ஆண்டுக்கு 265 ரேண்ட். ஒரே வீட்டில் உள்ள குடும்பத்துக்கு எத்தனை பெட்டி இருந்தாலும் ஒன்று போதும். அரசு முதியோர் உதவித்தொகையோ ஊனமுற்றோர் உதவித்தொகையோ பெறுகிறவர்களுக்குச் சலுகைக் கட்டணம் 74 ரேண்ட். இதை விண்ணப்பித்துத்தான் பெற வேண்டும். தெரியாமல் முழுத் தொகையைக் கட்டிவரும் பாட்டிகள் ஏராளம். பேரப்பிள்ளைகள் இந்த ஒரு காரியத்தைச் செய்து கொடுங்கள்.

கட்டாமல் விட்டால் மாதத்துக்கு 10 சதவீதம் என்று அபராதம் ஏறும். ஓராண்டுக்கு அதிகபட்சம் 100 சதவீதம். பிறகு வசூல் நிறுவனத்திடமிருந்து குறுஞ்செய்திகள் வரத் தொடங்கும். அவற்றில் மோசடியும் கலந்திருக்கிறது. செய்தியில் வரும் இணைப்பைத் தொடாமல், லைசென்ஸ் எண்ணை வைத்து எஸ்.ஏ.பி.சி.யிடமே நிலுவையைக் கேட்டு உறுதிசெய்த பிறகு பணம் கட்டுங்கள்.

செல்போனில் பார்த்தால்? ரேடியோவுக்கு?

ரேடியோவுக்கு லைசென்ஸ் வேண்டாம். செல்போனில் இணையம் வழியாகப் பார்ப்பதற்கும் இப்போது வேண்டாம். அலைவாங்கி இல்லாத கணினித் திரைக்கும் அப்படியே.

லைசென்ஸ் தாத்தா பெயரில் இருந்தது. அவர் காலமாகிவிட்டார். இன்னும் அவர் பெயருக்கே பில் வருகிறது. என்ன செய்வது?

நாமாகத் தெரிவிக்கும் வரை கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். இறப்புச் சான்றிதழின் நகலோடு எழுத்தில் தெரிவித்து அந்தக் கணக்கை முடிக்கச் சொல்லுங்கள். அனுப்பியதற்குச் சான்று கையில் இருக்கட்டும். லைசென்ஸ் தானாகப் பாட்டி பெயருக்கு மாறாது. பெட்டி பாட்டியிடம் இருந்தால் அவர் பெயரில் புதிதாக எடுக்க வேண்டும். மேலே சொன்ன சலுகை அவருக்குக் கிடைக்குமா என்று அப்போதே கேட்டுவிடுங்கள். துக்க வீட்டில் இதையெல்லாம் யாரும் நினைப்பதில்லை. சில ஆண்டுகள் கழித்து அபராதத்தோடு ஒரு கடிதம் வந்து நிற்கும்போதுதான் பாட்டி அந்தத் தாளை மடித்து எடுத்துக்கொண்டு வகுப்புக்கு வருகிறார்.

இந்த லைசென்ஸ் பணத்தில்தான் எல்லாம் நடக்கிறதா?

இல்லை. வருமானத்தின் பெரும்பகுதி விளம்பரத்திலிருந்து வருகிறது. லைசென்ஸ் கட்ட வேண்டிய வீடுகளில் மிகப் பெரும்பாலானவை கட்டுவதில்லை. அரசு நேரடியாகத் தருவது மிகச் சிறிய பங்கு. 2019இல் நிறுவனம் மூழ்கும் நிலைக்கு வந்தபோது 320 கோடி ரேண்ட் கொடுத்துக் காப்பாற்ற வேண்டியிருந்தது. 2021இல் 600க்கும் மேற்பட்ட ஊழியர்கள் வேலையை விட்டுப் போனார்கள்.

நமக்கு இது ஏன் முக்கியம் என்றால், விளம்பரத்தை நம்பி வாழும் வானொலிக்குச் சிறிய மொழி எப்போதும் பாரம்தான். எந்த நேரத்தில் எத்தனை பேர் கேட்டார்கள் என்று விளம்பரதாரர் பார்ப்பார். தமிழ் நிகழ்ச்சிக்கு நல்ல நேரம் வேண்டும் என்று கேட்கும் நாமே அந்த நேரத்தில் யூடியூபில் இருந்தால், நம் வாதத்தை எடுத்து வைக்க நிலையத்தில் இருப்பவர்களுக்கும் வழியில்லை.

ஒரு சமயம் திடீரென்று ஹிந்தி, தமிழ்ப் பாட்டெல்லாம் குறைந்துபோனதே, ஏன்?

2016 மே மாதம் எஸ்.ஏ.பி.சி. தன் வானொலிகள் எல்லாம் 90 சதவீதம் உள்நாட்டு இசையைப் போட வேண்டும் என்று உத்தரவிட்டது. முதல் கேள்வியில் சொன்ன அதே நிர்வாகம், அதே மாதம். இந்தியத் திரைப்பாடல்களை நம்பி இருந்த லோட்டசுக்கு அது பேரடி. நேயர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள், பலர் கேட்பதையே நிறுத்தினார்கள். 2017இல் அந்தக் கொள்கை கைவிடப்பட்டது.

நோக்கத்தில் பாதி நியாயம் இருந்தது என்பது என் கருத்து. இங்கே தேவாரம் பாடுகிறவர்கள் இருக்கிறார்கள். காவடிச்சிந்து பாடும் குழுக்கள் இருக்கின்றன. சிக்ஸ் ஃபுட் டான்ஸ் என்று இங்கே வழங்கும் தெருக்கூத்துக்குப் பாடுகிறவர்கள் இன்னும் சிலர் மிஞ்சியிருக்கிறார்கள். அவர்களைப் பதிவு செய்து, பயிற்சியும் பணமும் கொடுத்து, படிப்படியாக வானொலியில் ஏற்றியிருந்தால் நாடே பயன் பெற்றிருக்கும். இல்லாத இசைத்தட்டுகளை ஒரே இரவில் போடச் சொன்னதுதான் தவறு.

அரசமைப்புச் சட்டத்திலேயே தமிழ் இருக்கிறதாமே? அப்படியென்றால் தமிழ் ஆட்சி மொழியா?

ஆட்சி மொழி அல்ல. 1996 அரசமைப்புச் சட்டம் பதினொரு ஆட்சி மொழிகளை அறிவித்தது. 2023இல் சைகை மொழி பன்னிரண்டாவதாகச் சேர்ந்தது. ஆனால் ஆறாம் பிரிவின் ஐந்தாம் உட்பிரிவு, சமூகங்களில் வழங்கும் மற்ற மொழிகளைப் பேணி மதிப்பளிப்பதை அனைத்துத் தென்னாப்பிரிக்க மொழி வாரியத்தின் கடமையாக்குகிறது. அங்கே ஜெர்மன், கிரேக்கம், குஜராத்தி, ஹிந்தி, போர்ச்சுகீசியம் ஆகியவற்றோடு தமிழ், தெலுங்கு, உருது என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது.

‘தினமும் இத்தனை மணி நேரம் தமிழ் ஒலிபரப்ப வேண்டும்’ என்று அதில் இல்லை. ஒலிபரப்புக்கான நிபந்தனைகள் ஐகாசா கொடுக்கும் உரிமத்தில் இருக்கின்றன. அவை திருத்தப்படும்போது பொதுமக்களின் கருத்தைக் கேட்பார்கள். நம் சங்கங்கள் எழுத வேண்டிய நேரம் அதுதான். தீபாவளி வாழ்த்து அறிக்கைக்குக் காட்டும் அக்கறையில் கால்பங்கை இதற்குக் காட்டினாலும் போதும்.

நிகழ்ச்சியில் நம் சாமியைக் கேலி செய்தார்கள். யாரிடம் புகார் சொல்வது?

எதைப் பற்றிய புகார் என்பதைப் பொறுத்தது. ஒலிபரப்பான உள்ளடக்கம் புண்படுத்தியது, பொய்யானது, ஒருதலைப்பட்சமானது என்றால் பி.சி.சி.எஸ்.ஏ. என்ற ஒலிபரப்புப் புகார் ஆணையத்துக்கு, ஒலிபரப்பான 30 நாட்களுக்குள் எழுத வேண்டும். கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை. தமிழுக்கு நேரம் போதவில்லை, உரிம நிபந்தனையை மீறுகிறார்கள் என்பது ஐகாசாவுக்குப் போக வேண்டியது. அறிவிப்பாளர் ‘கந்த சஷ்டி’யைத் தப்பாக உச்சரித்தார் என்பது நிலையத்துக்கே அன்பாக எழுத வேண்டியது.

நிலையத்தின் பெயர், நிகழ்ச்சி, தேதி, நேரம், சொன்ன சொற்கள் ஆகிய ஐந்தும் புகாரில் இருக்க வேண்டும். ‘போன வாரம் காலையில் ஏதோ சொன்னார்கள்’ என்று எழுதினால் பதிவைத் தேடவே முடியாது. கோபம் வந்தவுடன் முதலில் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: கேலியெல்லாம் விதிமீறல் ஆகாது. கருத்துச் சுதந்திரத்தையும் ஆணையம் எடைபோட்டுத்தான் தீர்ப்புச் சொல்லும்.

ஏரியல் வைத்த பழைய டிவி இனி வேலை செய்யாது என்கிறார்களே?

ஒருநாள் நின்றுவிடும், எந்த நாள் என்பதில்தான் இழுபறி. பழைய அனலாக் முறையை நிறுத்த உலக அளவில் குறித்த நாள் 2015 ஜூன். இங்கே அது தள்ளித் தள்ளிப் போய், பின்னர் அறிவித்த 2025 மார்ச் 31ஐயும் உயர் நீதிமன்றம் நிறுத்திவைத்தது. டிஜிட்டல் பெட்டி இல்லாத ஏழை வீடுகள் இருளில் விடப்படும் என்பதே வழக்கின் மையம். மாத வருமானம் 3,500 ரேண்டுக்குள் உள்ள வீடுகளுக்கு அரசு இலவசப் பெட்டித் திட்டம் வைத்திருக்கிறது. தகுதியுள்ளவர்கள் இன்னும் பதிவு செய்ய முடியுமா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். எஃப்.எம். வானொலிக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஜன்னல் திட்டு ரேடியோ பாடிக்கொண்டுதான் இருக்கும்.

எண்பதுகளில் எங்கள் பாட்டி ரேடியோ லோட்டசில் பாடினார். அந்தப் பதிவு கிடைக்குமா?

கேட்டுப் பார்க்கலாம். எஸ்.ஏ.பி.சி.க்கு ஆவணக் காப்பகம் இருக்கிறது. பாடியவர் பெயர், குழுவின் பெயர், மாதம், ஆண்டு, எந்தத் திருவிழாவை ஒட்டியது என்று முடிந்த அளவு விவரம் கொடுங்கள். ஒலிபரப்பானவை எல்லாம் சேமிக்கப்பட்டதில்லை என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பதிலே வராவிட்டால், 2000ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டப்படி முறையாக விண்ணப்பிக்கலாம். 30 நாட்களுக்குள் பதில் சொல்ல வேண்டும்.

அதற்கு முன் வீட்டில் தேடுங்கள். அந்தக் காலத்தில் ரேடியோ முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிவு செய்யாத குடும்பம் குறைவு. பரண்மேல் பிஸ்கட் டின்னில் கிடக்கும் கேசட்டை உடனே ஓட்டிப் பார்க்காதீர்கள். பழைய நாடா அறுந்துவிடும். பழகிய ஒருவரிடம் கொடுத்து ஒரே ஓட்டத்தில் டிஜிட்டலாக மாற்றிக்கொள்ளுங்கள்.

இவ்வளவு கெஞ்சுவதற்குப் பதில் நாமே ஒரு தமிழ் வானொலி தொடங்கிவிட்டால் என்ன?

தொடங்கலாம். லாப நோக்கமற்ற அமைப்பாகப் பதிவு செய்து, ஐகாசாவிடம் சமூக வானொலி உரிமம் கேட்க வேண்டும். டர்பனின் ஹிந்திச் சமூகம் ஹிந்த்வாணியை அப்படித்தான் நடத்துகிறது. பெரிய தடை அலைவரிசை. டர்பன் போன்ற நகரில் காலி இடம் அரிது. இணைய வானொலி இதைவிட எளிது. ஆனால் பாடல்களுக்கான உரிமைத்தொகையை அதிலும் கட்ட வேண்டும். அதோடு, வாரம் தவறாமல் வந்து உட்காரத் தமிழ் பேசும் நாலு இளைஞர்களாவது வேண்டும். பணத்தைவிட அவர்கள் கிடைப்பதுதான் கடினம்.

தொடங்கினாலும் லோட்டசை விட்டுவிடாதீர்கள் என்பேன். சமூக வானொலி நம் பேட்டைக்குள் கேட்கும். தேசிய ஒலிபரப்பில் வரும் தமிழ்ப் பாட்டு, பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் டாக்சி ஓட்டும் ஜூலுக்காரர் காதிலும் விழும்.

எஸ்.ஏ.பி.சி. நிர்வாகக் குழுவில் நம் ஆள் ஒருவர் இருந்தால் நன்றாக இருக்குமே. அதற்கெல்லாம் பெரிய இடத்துச் சிபாரிசு வேண்டுமோ?

செயல் அதிகாரிகள் மூவரைத் தவிர்த்த 12 உறுப்பினர்களுக்கு, யாரும் யாரையும் முன்மொழியலாம். நாடாளுமன்றத்தின் தகவல் தொடர்புக் குழு பத்திரிகையில் அறிவிப்பு வெளியிட்டுப் பெயர்கள் கேட்கும். முன்மொழியப்பட்டவர் எழுத்தில் சம்மதம் தர வேண்டும். சுயவிவரம் இணைக்க வேண்டும். பட்டியலில் வந்தவர்களை வெளிப்படையாக நேர்காணல் செய்வார்கள். அதைத் தொலைக்காட்சியில் நாமும் பார்க்கலாம். பிறகு தேசிய அவை பரிந்துரைக்க, குடியரசுத் தலைவர் நியமிப்பார். அந்தக் கடைசிப் படியில் தாமதமும் நடந்திருக்கிறது. 2022 அக்டோபரில் பழைய குழுவின் காலம் முடிந்த பிறகு 2023 ஏப்ரல் வரை குழுவே இல்லாமல் நிறுவனம் நடந்தது.

உறுப்பினர் தமிழரின் பிரதிநிதியாக உட்கார முடியாது; முழு நாட்டுக்கும் பொறுப்பானவர். சட்டம், கணக்கு, ஊடகம், பொறியியல் என்று ஏதாவது ஒன்றில் உண்மையான தேர்ச்சி உள்ளவரைத்தான் முன்மொழிய வேண்டும். அப்படிப்பட்டவர்கள் நம்மிடையே இல்லாமல் இல்லை. அடுத்த அறிவிப்பு வரும்போது மண்டபத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவைக்கிறேன். படிவத்தை நிரப்ப உதவி வேண்டுமென்றால் வகுப்பு முடிந்ததும் வாருங்கள்.